டீச்சர் சேர்ந்து பாடவில்லை

சங்கரன்கோவில்
11.2.2024

அன்புத் தம்பி மகாராஜனுக்கு,

அக்கா கோமதி எழுதுவது. நான் சுகம். நீயும் உன் பட்டாளமும் அந்தப் பனிமலையில் கைகால் விறைக்காமல் இருக்க அம்பாளை வேண்டிக்கொள்கிறேன். செகந்திராபாத்தில் அபிதாவும் பிள்ளைகளும் சுகம்தானே?

கடிதத்தைக் கண்டதும், அக்காவுக்கு என்ன ஆயிற்று, போன் இல்லையா என்று முழிப்பாய். போன் இருக்கிறது. உன் மலையிலிருந்து வரும் லைனின் லட்சணம்தான் சரியில்லை. நீ பத்துத் தடவை ஹலோ சொல்ல, நான் பத்துத் தடவை ஹலோ சொல்ல, கடைசியில் "சரி, வச்சிருதேன்" என்பது மட்டும்தான் தெளிவாகக் கேட்கும். இனிமேல் கடிதம் போடு. நானும் போடுகிறேன்.

கழுத்தில் ஒரு கட்டி என்று தீபாவளிக்குச் சொன்னேன் அல்லவா? தைராய்டு கட்டி. பொங்கல் கழிந்து திருநெல்வேலியில் எடுத்தாயிற்று. பயப்படுகிற வகை இல்லை என்று சோதனையிலும் வந்துவிட்டது. எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் அப்ரீன் பானு நாலு நாள் கூடவே இருந்து பார்த்துக்கொண்டாள். முன்பே சொல்லியிருந்தால் நீ லீவு கேட்டு அலைந்திருப்பாய், அதனால் சொல்லவில்லை. திட்டுவதானால் பதில் கடிதத்தில் திட்டிக்கொள்.

இப்போது நல்ல சேதி. பகலெல்லாம் தறிச் சத்தத்தில் காது அடைத்துப்போய், ஆறு மணிக்கு மேல் நம் வீட்டு முன்னறையில் வந்து பாடுகிறார்களே, என் சாயங்கால வகுப்புப் பெண்கள், பதினான்கு பேரும் சேர்ந்து வந்து நின்றார்கள். ஆடித்தபசுக்குக் கொடியேறியதும் கோயிலை நூற்றெட்டு சுற்று சுற்றுவார்கள் அல்லவா, அப்போது பாட ஒரு பாட்டு வேண்டுமாம். "மத்தவங்க போட்ட பாட்டு வேண்டாம் டீச்சர், எங்க காலுக்குன்னு ஒரு பாட்டு போட்டுத் தாங்க" என்றாள் வள்ளித்தாய். தறிக்குப் பாவு நூல் ஓட்டுகிறவள், பதினோரு வருஷமாக என்னிடம் பாடுகிறாள்.

நானும் இருபத்தெட்டு வருஷமாகப் பாட்டுப் போடுகிறேன். பள்ளிக்கூடத்துக் காலைப் பாட்டு, தாலாட்டு, நலங்கு, ஓட்டுப் போடச் சொல்லி ஒன்று. நடந்துகொண்டே பாடுவதற்குப் போட்டதில்லை. நேற்று வெளிப்பிராகாரத்தை ஆறு முறை சுற்றி, எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறது என்று குறித்துக்கொண்டு வந்தேன். வாட்ச்மேன் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

உடம்பைப் பார்த்துக்கொள். கம்பளிக் குல்லாயைக் கழற்றாதே.

உன் அக்கா
கோமதியம்மாள்


99 ஏ.பி.ஓ.
3.3.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி மகாராஜன் வணக்கத்துடன். இங்கே நானும் பனியும் சௌக்கியம். இரண்டில் பனிக்குத்தான் சௌக்கியம் கொஞ்சம் அதிகம். உன் கழுத்துத் தையல் ஆறிவிட்டதா?

திட்டிக்கொள் என்று நீயே அனுமதி கொடுத்துவிட்டதால் சுருக்கமாகத் திட்டுகிறேன். கழுத்தை அறுத்துவிட்டு ஒரு மாதம் கழித்துத் தம்பிக்குத் தகவல் சொல்கிற அக்கா உலகத்தில் நீ ஒருத்திதான். அப்ரீன் அக்காவுக்கு என் சலாம் சொல். கூடப் பிறந்தவன் செய்ய வேண்டியதை அவர்கள் செய்திருக்கிறார்கள்.

லைன் மோசம் என்று எழுதியிருக்கிறாய். மோசம்தான். ஆனால் ஹலோ ஹலோவுக்கு நடுவே நீ புதிதாகப் போட்ட பாட்டில் இரண்டு வரி பாடுவாயே, அது ஒருநாளும் அறுந்ததில்லை அக்கா. நான் ஸ்பீக்கரில் போட, சிக்னல் குடிசையில் இருக்கிறவன் எல்லாம் கையில் டீயோடு வந்து நிற்பான். சமையல்கட்டு வீரபாண்டி போன வாரமும் கேட்டான், "அண்ணே, அக்கா இந்த மாசம் ஒண்ணும் பாடலையா?" ஒன்று செய். ஆடிச்சுற்றுப் பாட்டை உன் குரலில் போனில் பதிந்து, அபிதாவுக்கு அனுப்பு. இங்கே வருகிற ஆளிடம் அவள் கொடுத்துவிடுவாள்.

ஒரு சமாச்சாரம் சொல்ல மறந்தே போனேன். போன லீவு முடிந்து பொதிகை ரயிலில் திரும்பும்போது, எதிர் சீட்டில் பனவடலிசத்திரத்துப் பெண் ஒருத்தி பிள்ளையைத் தூங்க வைக்கப் பாடினாள். கேட்டால் உன் தாலாட்டு! "இது யாரு போட்ட பாட்டும்மா?" என்று கேட்டேன். "யாரு போட்டதா? இது அந்தக் காலத்துப் பாட்டு அண்ணாச்சி. எங்க அம்மையோட அம்மை காலத்துல இருந்தே பாடுதாங்க" என்றாள். அப்ரீன் அக்கா மகனுக்காக எட்டு வருஷத்துக்கு முன்னால் நீ போட்ட பாட்டு அது. நான் சிரித்த சிரிப்பில் பிள்ளை முழித்துக்கொண்டது. அவள் என்னை முறைத்தாள். எங்கள் கர்னலுக்குக் கிடைக்காத பெருமை அன்றைக்கு எனக்குக் கிடைத்தது.

பதிந்து அனுப்பு. மறக்காதே.

அன்புத் தம்பி
மகாராஜன்


சங்கரன்கோவில்
25.3.2024

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சுகம். தையல் ஆறிவிட்டது. இங்கே வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. உன் பனியில் ஒரு மூட்டை அனுப்பினால் தறித்தெருவில் நல்ல விலைக்குப் போகும்.

அந்த ரயில் பெண் சொன்னது எனக்குப் பெரிய சந்தோஷம். போட்டவள் பேர் தெரியாமல் போனால்தான் பாட்டு பிழைத்துக்கொண்டது என்று அர்த்தம். நீ எதுவும் சொல்லிக் கெடுக்காமல் வந்தாயே, அதுவே போதும்.

ஆடிச்சுற்றுப் பாட்டு பாதி வந்துவிட்டது. பாம்புப் புற்று இருக்கிற கோயில் என்றதும் எல்லாரும் மகுடி ராகமான புன்னாகவராளிக்கு ஓடுவார்கள். நான் போகவில்லை. ஆனந்தபைரவியில் பிடித்திருக்கிறேன். முதல் இருபது சுற்று கால் துள்ளும், நாற்பதுக்கு மேல் இழுக்கும். வேகமாகப் பாடினாலும் மெதுவாகப் பாடினாலும் மெட்டு நிற்க வேண்டும். இன்னொன்றும் கண்டுபிடித்தேன். பிராகாரத்து மூலையில் திரும்பும்போது எல்லாரும் மூச்சை இழுக்கிறார்கள். அந்த இடத்தில் சொல்லே இருக்கக் கூடாது. அதனால் நாலு மூலைக்கு நாலு வெற்றிடம் விட்டிருக்கிறேன். முதல் வரி இது:

ஒத்தைக் காலில் நின்னவளே
எங்க ஓடும் காலைப் பாராயோ

ஊசிமுனையில் ஒற்றைக் காலில் தபசு நின்ற அம்பாளிடம், நாளெல்லாம் தறிக்கும் பாவுக்கும் நடக்கிற கால்கள் கேட்கிற கேள்வி. 'பாராயோ'வில் குரல் மேலே போய் நிற்க வேண்டும். கெஞ்சலாக இறங்கக் கூடாது, உரிமையாகக் கேட்க வேண்டும்.

வகுப்பில் ஆர்மோனியத்தில் வாசித்துச் சொல்லிக் கொடுக்கிறேன். இந்த வள்ளித்தாய்க்கு என்ன பிடித்ததோ தெரியவில்லை. முதல் நாள் அந்த 'பாராயோ'வை நான் நினைத்ததைவிட நன்றாகப் பாடினாள். மறுநாள் கீழே இறக்கினாள். அடுத்த நாள் வளைத்தாள். திரும்ப வாசித்துக் காட்டினால் சரியாகப் பாடுகிறாள், உடனே மறுபடி மாற்றுகிறாள். மற்றவர்களும் அவளைப் பார்த்து ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். எனக்கு வருகிற கோபத்தை ஆர்மோனியத் துருத்தியில் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

வேறு விசேஷம் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு மே வரை லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன், கொஞ்சம் ஓய்வு. அபிதாவுக்கு என் ஆசி. வீரபாண்டியைக் கேட்டதாகச் சொல்.

அக்கா
கோமதியம்மாள்


சங்கரன்கோவில்
14.4.2024

மதிப்பிற்குரிய மகாராஜன் அண்ணாச்சி அவர்களுக்கு,

கோமதி டீச்சரிடம் பாட்டுப் படிக்கும் வள்ளித்தாய் எழுதிக்கொள்வது. தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் வீட்டில் எல்லாரும் நலம். டீச்சர் மேஜையில் இருந்த உறையைப் பார்த்து உங்கள் விலாசத்தை எழுதிக்கொண்டேன். தப்பு என்றால் மன்னிக்கவும்.

டீச்சருக்கு எங்கள் மேல் என்ன கோபம் என்று நீங்கள்தான் கேட்டுச் சொல்ல வேண்டும்.

டீச்சர் சொல்லித்தருகிற விதம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். திட்டவே மாட்டார்கள். நல்லாருக்கு என்றும் வாயால் சொன்னது கிடையாது. நாங்கள் ஒவ்வொருத்தியாகப் பாடுவோம். சரியாகப் பாடினால் டீச்சர் கூடச் சேர்ந்து பாடுவார்கள். தப்பாகப் பாடினால் சும்மா இருந்து ஜன்னலைப் பார்ப்பார்கள். நாமே தேடித் தேடி மாற்றிப் பாட வேண்டும். சரியான இடத்தைத் தொட்டதும் டீச்சர் குரல் வந்து சேர்ந்துகொள்ளும். அண்ணாச்சி, அந்தக் குரல் பக்கத்தில் வந்து சேர்கிற நேரம் இருக்கிறதே, அதற்காகத்தான் பத்து மணி நேரம் நின்று வேலை பார்த்த காலோடு ஓடி வருகிறோம்.

ஆபரேஷன் முடிந்து வந்தபோது தொண்டைக்கு ஓய்வு என்று சிலேட்டில் எழுதிக் காட்டினார்கள். சரி என்று இருந்தோம். மாசி மாதம் "தொண்டை சரியாகிவிட்டது, பேச்சை மட்டும் குறைத்துக்கொள்கிறேன், வகுப்பு ஆரம்பம்" என்று எழுதிப்போட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு ஒரு நாள், ஒருத்தியோடுகூட டீச்சர் சேர்ந்து பாடவில்லை. ஆர்மோனியம் மட்டும்தான். நாங்கள் எப்படிப் பாடினாலும் சும்மாவே இருக்கிறார்கள். நானும் 'பாராயோ'வை எப்படியெல்லாமோ மாற்றிப் பார்த்துவிட்டேன். ஒரு நாள் சிலேட்டில் 'நன்றாக இருக்கிறது' என்று எழுதினார்கள். எங்களுக்கு அழுகை வந்துவிட்டது. பாவம் என்று ஆறுதலுக்கு எழுதுகிறார்கள் என்று தெரியாதா?

மூன்று பேர் நின்றுவிட்டார்கள். "நமக்கு இனிமே வராதுட்டி, டீச்சர் கைவிட்டுட்டாங்க" என்கிறார்கள். நானும் நின்றுவிடலாமா என்று நினைக்கிறேன். அதற்கு முன்னால் எங்கே தப்பு என்று மட்டும் தெரிந்தால் போதும். நான் எழுதியது டீச்சருக்குத் தெரிய வேண்டாம்.

இப்படிக்கு
தங்கள் தங்கை போன்ற
வள்ளித்தாய்


99 ஏ.பி.ஓ.
5.5.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி மகாராஜன். நான் நலம். நீ நலம் என்று எழுதுவாய், அதை இந்தத் தடவை நான் அப்படியே எடுத்துக்கொள்வதாக இல்லை.

இரண்டு நாளாகக் காவல் நேரத்தில் உட்கார்ந்து யோசித்தேன். போன் வேண்டாம் என்கிறாய். பாட்டைப் பதிந்து அனுப்பு என்றால் அதைத் தொடாமல் வெயில், பனி என்று எழுதுகிறாய். இருபத்தெட்டு வருஷத்தில் காய்ச்சலுக்குக்கூட லீவு போடாதவள் மே வரை லீவு போட்டிருக்கிறாய். வகுப்பில் ஆர்மோனியத்தில் வாசித்துச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். நீ எப்போது ஆர்மோனியத்தில் சொல்லிக் கொடுத்தாய்? வாயால் பாடித்தானே சொல்லிக் கொடுப்பாய்?

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். உன் குரலுக்கு என்ன ஆயிற்று?

அம்மா போன பிறகு எனக்குச் சோறு போட்டு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, பட்டாளத்து ஆள்சேர்ப்புக்குத் தூத்துக்குடி வரை கூட வந்தவள் நீ. உன்னிடம் அதிகாரமாகக் கேட்க எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

பதில் போடு.

தம்பி
மகாராஜன்


99 ஏ.பி.ஓ.
9.6.2024

அக்கா,

ஐந்து வாரம் ஆயிற்று. பதில் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை சிக்னல் குடிசையிலிருந்து போன் போட்டேன். மணி அடித்தது. எடுத்தாய். லைன் அன்றைக்கு நன்றாக இருந்தது அக்கா. பின்னால் தறி ஓடுகிற சத்தம்கூடக் கேட்டது. நான் "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டேன். நீ மூச்சு விடுவது கேட்டது. பிறகு வைத்துவிட்டாய்.

சுகமா என்று ஒரு வரி எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

மகாராஜன்


சங்கரன்கோவில்
19.6.2024

அன்புத் தம்பி மகாராஜனுக்கு,

அக்கா எழுதுவது. உடம்பு சுகம். உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. உன்னை அழ வைத்துவிட்டேன் என்று தெரியும். மன்னித்துக்கொள்.

குரல் போய்விட்டது. அந்தக் கட்டி குரல் நரம்பைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருந்ததாம். இப்படி ஆகலாம் என்று டாக்டரம்மா முன்பே விளக்கித்தான் கையெழுத்து வாங்கினார். அவர்மேல் ஒரு குறையும் இல்லை. மெல்லத் திரும்பலாம், நாலைந்து மாதம் பார்ப்போம் என்றார். போன வாரம் போனேன். இனி இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார். பேசினால் காற்று பாதி, சொல் பாதி. பாட வாயெடுத்தால் அம்மிக்கல்லில் மண்ணைப் போட்டு அரைத்த மாதிரி ஒரு சத்தம். ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு பாடிப் பார்த்தேன். பிறகு பாடிப் பார்க்கவில்லை.

அப்ரீன் பானுவுக்கு மட்டும்தான் தெரியும். அவளிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறேன். திரும்பி வந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் சரியாகிவிட்டது என்று வகுப்பில் எழுதிப்போட்டேன். அந்தப் பொய்யை எப்படித் திருப்பி எடுப்பது என்று தெரியவில்லை.

எனக்கு எதற்கு வெட்கம் என்று கேட்பாய். கேள். இந்த ஊரில் என்னிடம் பாடிய ஆயிரம் பெண்கள் இருப்பார்கள். அவர்கள் காதில் என் பழைய குரல் இருக்கிறது. குருவிகுளத்தில் ஒரு கல்யாண வீட்டில் யாரோ பாடினால், அதற்கு அடியில் என் குரல்தான் அவர்களுக்குக் கேட்கும். இந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டுவிட்டால் அது அழிந்துபோகும். பிறகு எல்லாரும் பாவம் டீச்சர் என்பார்கள். அதைக் கேட்க என்னால் முடியாது தம்பி.

பாட்டை முடித்துவிட்டேன். நாலு மூலை வெற்றிடத்தோடு, பன்னிரண்டு வரி. நான் போட்டதிலேயே இதுதான் நல்ல பாட்டு என்று எனக்கே தெரிகிறது. ஆனால் பெண்களுக்கு இன்னும் முழுசாகக் கொடுக்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பாடுகிறார்கள், மூன்று பேர் வருவதில்லை. போன வாரம் வகுப்பை மூடிவிட்டேன். பாடாத பாட்டு டீச்சர் எதற்கு? பள்ளிக்கூடத்து லீவை நீட்டியிருக்கிறேன், வேலையை விடுவதாகவே எழுதிக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

யாரிடமும் சொல்லாதே. அபிதாவிடமும் இப்போது வேண்டாம்.

அக்கா
கோமதியம்மாள்


99 ஏ.பி.ஓ.
28.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி மகாராஜன் எழுதுவது. நான் நலம். உன் கடிதத்தைப் படித்து அழுதேன். மேஜரிடம் போய் லீவு கேட்டேன். ஆகஸ்டு வரை கிடையாது என்றார். ஆகையால் நேரில் வந்து சண்டை போட முடியாது. கடிதத்திலேயே போடுகிறேன்.

இதோடு வள்ளித்தாய் எனக்கு எழுதிய கடிதத்தை வைத்திருக்கிறேன். உனக்குத் தெரிய வேண்டாம் என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டது. வாக்கு மீறுகிறேன். முதலில் அதைப் படி. படித்துவிட்டு இதற்கு வா.

படித்தாயா? அவர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கவில்லை அக்கா. சரியாகத்தான் பாடினார்கள். நீ சேர்ந்து பாடவில்லை, அதனால் தப்பு என்று நினைத்து மாற்றினார்கள். நீ மறுபடியும் சேரவில்லை, மறுபடியும் மாற்றினார்கள். சும்மா இருந்தால் தப்பு என்ற சட்டம் நீ போட்டது. சட்டம் போட்டவளே அதை மறந்துவிட்டாய்.

என்னையே எடுத்துக்கொள். நாற்பத்தைந்து வயதாகிறது, நீ ஒரு தடவைகூட என்னோடு சேர்ந்து பாடியதில்லை. என் குரலைப் பற்றி எனக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உன் குரல் அழகு என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அழகுதான், யார் இல்லை என்றார்கள். ஆனால் அந்தப் பெண்கள் பத்து மணி நேரம் நின்ற காலோடு ஓடி வந்தது அழகுக்காக இல்லையே! நீ வந்து சேர்வதற்காக. வள்ளித்தாய் அப்படித்தான் எழுதியிருக்கிறது, நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. ஆயிரம் பேர் காதில் உன் பழைய குரல் இருப்பதை நீ காப்பாற்ற நினைக்கிறாய். அதற்கு விலையாக, பதினோரு வருஷம் பாடிய ஒருத்தி தனக்குப் பாடவே வராது என்று நம்பிக்கொண்டிருக்கிறாள்.

இனி உன் இஷ்டம். நீ என்ன முடிவு எடுத்தாலும் நீ என் அக்காதான். சுபேதார் மகாராஜனின் அக்கா இல்லை நீ. நான்தான் கோமதி டீச்சரின் தம்பி. ஊரில் எனக்கு அந்தப் பேர்தான், அதுதான் எனக்குப் பிடிக்கும்.

கொடியேற்றம் பதினோராம் தேதி. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புத் தம்பி
மகாராஜன்


சங்கரன்கோவில்
23.7.2024

மதிப்பிற்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு,

வள்ளித்தாய் வணக்கம் சொல்லி எழுதுவது. நாங்கள் எல்லாரும் நலம், டீச்சரும் நலம். நான் எழுதியதை நீங்கள் டீச்சரிடம் காட்டிவிட்டீர்கள். முதலில் உங்கள்மேல் வருத்தமாக இருந்தது. இப்போது இல்லை.

ஏழாம் தேதி டீச்சரே எங்கள் தெருவுக்கு வந்து, நின்றுபோன மூன்று பேர் வீடு உட்படப் பதினான்கு வீட்டுக் கதவையும் தட்டினார்கள். சாயங்காலம் எல்லாரும் போய் உட்கார்ந்தோம். சிலேட்டில் எழுதிக் காட்டினார்கள். "என் குரல் போய்விட்டது. திரும்ப வராது. சரியாகிவிட்டது என்று எழுதியது பொய். நீங்கள் பாடியது எல்லாம் சரி." நாங்கள் அழுதோம். டீச்சர் அழவில்லை. சிலேட்டை அழித்துவிட்டு ஆர்மோனியத்தைத் திறந்தார்கள்.

நாலு நாளில் பன்னிரண்டு வரியும் படித்தோம். எழுதிக் காட்டியதை நாங்கள் நம்பினோம் அண்ணாச்சி. எங்கள் வாய்தான் நம்பவில்லை. பதினோரு வருஷப் பழக்கம் அல்லவா! பாடிவிட்டு, அந்தக் குரல் வருகிறதா என்று காது தானாகத் திரும்பும். வராது. உடனே குரலை இறக்கிவிடுவோம். 'பாராயோ' என்று மேலே போக எனக்குத் தைரியமே இல்லை. கொடியேறிய அன்று இருபது சுற்று சுற்றினோம். அப்போதும் இறக்கித்தான் பாடினேன். டீச்சர் எங்கள் கூடவே நடந்து வந்தார்கள்.

தபசுக்கு முந்தின நாள் மிச்சம் எண்பத்தெட்டையும் முடித்துவிடலாம் என்று விடியுமுன்னே போனோம். கூட்டம் என்றால் அப்படிக் கூட்டம். டீச்சரும் வந்தார்கள். "நீங்க உக்காருங்க டீச்சர், கால் வலிக்கும்" என்றேன். கேட்கவில்லை. முப்பது சுற்று தாண்டியதும் எங்களுக்குப் பாட்டு நைந்துவிட்டது. முணுமுணுப்பாகத்தான் வருகிறது. வடக்கு மூலையில் திரும்பி, மூச்சு வாங்கி, 'ஒத்தைக் காலில் நின்னவளே' என்று எடுத்தேன். வழக்கம்போல இறக்கப் போனேன். என்ன தோன்றியதோ, கால்வலியில் ஒரு கோபம் வந்தது. என்ன ஆனாலும் ஆகட்டும் என்று முதல் நாள் பாடியது மாதிரி மேலே போய் 'பாராயோ' என்று கேட்டுவிட்டேன்.

பக்கத்தில் ஒரு சத்தம் வந்தது அண்ணாச்சி. துருப்பிடித்த தறிச்சக்கரம் சுற்றுகிற மாதிரி. யாருக்கோ ஒத்துக்கொள்ளவில்லை, வாந்தி எடுக்கிறார்களோ என்று திரும்பினேன். டீச்சர். தலையை நிமிர்த்தி, என்னோடு சேர்ந்து 'பாராயோ' பாடுகிறார்கள்.

சுற்றிப் போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ரதவீதிக்காரர் ஒருவர், "யாரு, நம்ம கோமதி டீச்சரா? அய்யோ, என்னாச்சு?" என்று சத்தமாகவே கேட்டார். டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் நிறுத்தவில்லை. அடுத்த வரிக்கும் வந்தார்கள். பின்னால் வந்த சண்முகப்ரியா ஒரு இடத்தில் பிசகினாள். டீச்சர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள். அவள் திருத்தினாள். மறுபடி அந்தச் சத்தம் வந்து சேர்ந்தது. அவ்வளவுதான், பதினான்கு பேருக்கும் எங்கிருந்து வந்ததோ தெம்பு!

அந்தச் சத்தம் நன்றாகவே இல்லை அண்ணாச்சி. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது வந்த பிறகுதான் நாங்கள் பாடுவது சரி என்று எங்களுக்குத் தெரிந்தது.

எண்பத்தெட்டும் முடித்தோம். கடைசிப் பத்துச் சுற்றுக்கு, எங்களுக்குத் தெரியாத பெண்கள் முப்பது நாற்பது பேர் பின்னால் சேர்ந்து பாடிக்கொண்டு வந்தார்கள். "இது எந்த ஊருப் பாட்டுக்கா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. நான் பெருமையாக டீச்சரைக் கைகாட்டினேன். டீச்சர் என் கையைத் தட்டிவிட்டார்கள்.

தாங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

இப்படிக்கு
வள்ளித்தாய்


சங்கரன்கோவில்
1.8.2024

அன்புத் தம்பிக்கு,

சுகம். கால் இரண்டும் வீங்கி இப்போதுதான் வற்றியிருக்கிறது. ஆடிச்சுற்று சுற்றினால் கால்வலியை அம்பாள் வாங்கிக்கொள்வாள் என்பார்கள். என்னிடம் வாங்கியதில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள் போலிருக்கிறது. நீ சுகமா? அங்கே மழை எப்படி?

வள்ளித்தாய் உனக்கு எழுதியிருப்பாள். அவள் எதையும் பெரிதாக்கிச் சொல்லுவாள், பாதியைத் தள்ளிக்கொள். அன்று எனக்கு வீரம் எல்லாம் வரவில்லை. அவள் அப்படிப் பாடும்போது சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். நான் நினைத்த பாட்டு அதுதான். அது அந்தப் பிராகாரத்தில் தனியாக நின்றது. எப்படி விடுவது?

பாட்டில் ஒரு குறை தெரிந்தது. எட்டாவது வரி களைத்த தொண்டைக்கு உயரம். அடுத்த வருஷத்துக்குள் மாற்ற வேண்டும். பள்ளிக்கூடத்துக்குத் திங்கட்கிழமை முதல் போகிறேன். எழுதிக் கொடுப்பதாக இல்லை.

சாயங்கால வகுப்பில் இப்போது பத்தொன்பது பேர். மேலநீலிதநல்லூரிலிருந்து புதிதாக ஒருத்தி நேற்று வந்தாள், பூக்கட்டுகிறவள். நான் பெயர் கேட்டதும், "டீச்சர், உங்க தொண்டைக்கு என்ன?" என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "போயிட்டு" என்றேன். "சரி டீச்சர்" என்று பாயில் உட்கார்ந்துகொண்டாள். ஆறு மாதமாக நான் பயந்தது இந்த ஒரு கேள்விக்குத்தான் தம்பி.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு போன் போடு. வீரபாண்டியையும் மற்றவர்களையும் கூப்பிட்டு வைத்துக்கொள். எடுப்பது நான்தான். குரலைக் கேட்டு, ராங் நம்பர் என்று வைத்துவிடாதே.

உன் அக்கா
கோமதியம்மாள்